அம்மா முறுக்கு விக்கிறாங்க, பணம் உங்க சம்பள அக்கவுண்ட்டுக்கு வருதா? இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க



தீபாவளி முடிஞ்ச கையோட நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பினவர் கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கம்பெனியில வேலை பார்க்கிறார். கையில வர்ற சம்பளம் 38,000 ரூபாய். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால நண்பர்னே வெச்சுக்குவோம்.

அவங்க அம்மா கைமுறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி எல்லாம் நல்லா செய்வாங்க. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல சும்மா ஆரம்பிச்சது, வாய் வழியா பரவி, பெங்களூரு வரைக்கும் பார்சல் போற அளவுக்கு வளர்ந்துடுச்சு. பணம் எல்லாம் நண்பரோட ஜிபே நம்பருக்கு வரும். அதாவது அவரோட சம்பள அக்கவுண்ட்டுக்கு. நம்மள்ல பாதிப் பேர் வீட்ல இப்படித்தானே நடக்குது?

முன்பின் தெரியாத ஒருத்தர் 1,850 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். பணம் வந்தது, பார்சல் போச்சு, மறந்தாச்சு. மூணு வாரம் கழிச்சு நண்பரோட அக்கவுண்ட் முடங்கிடுச்சு. வேற மாநிலத்துல யாரோ ஒருத்தர் ஆன்லைன் மோசடியில பணத்தை இழந்து 1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கார். அந்தப் பணம் எந்தெந்த அக்கவுண்ட் வழியா போச்சுன்னு தேடினப்போ, அதுல ஒரு துளி இந்த 1,850 ரூபாயா இங்க வந்து நின்னிருக்கு. போலீஸ் கேட்டதும் வங்கி மொத்த அக்கவுண்ட்டையும் நிறுத்திடுச்சு. 1-ஆம் தேதி சம்பளம் உள்ள வந்தது, ஆனா வெளிய எடுக்க முடியல. 5-ஆம் தேதி பைக் லோன் இஎம்ஐ பவுன்ஸ். 7-ஆம் தேதி எஸ்ஐபி பவுன்ஸ்.

கிளைக்குப் போனா அங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இந்தப் பணம் எதுக்காக வந்தது சார்? வியாபாரம்னா அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" அவர்கிட்ட இருந்தது வாட்ஸ்அப் சாட் மட்டும். பில் இல்ல, பதிவு இல்ல, கடைப் பேர் கூட கிடையாது. கொரியர் ரசீதைத் தேடி எடுத்து, அந்த மாநில போலீஸுக்கு மெயில் மேல மெயில் போட்டு, அக்கவுண்ட் திரும்பக் கிடைக்க அஞ்சு வாரம் ஆச்சு.

அவர் மெயிலோட கடைசியில கேட்டிருந்த கேள்வியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். "ஒரு கடை, ஒரு கம்பெனி எல்லாம் வங்கி வழியா பணம் வாங்கவும் அனுப்பவும் எப்படித் தகுதி வாங்குது? அது எனக்கு ஏன் தெரியாம போச்சு?"

வாங்குறது, அனுப்புறது, எடுக்கிறது

நம்ம கண்ணுக்கு எல்லாமே "ஆன்லைன் பேமெண்ட்". வங்கி பார்வையில அது மூணு தனித்தனி உரிமை. பணம் வாங்கிக்கிற உரிமை. ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்புற உரிமை. அடுத்தவர் அக்கவுண்ட்ல இருந்து நாமளே பணத்தை எடுத்துக்கிற உரிமை. மூணாவதைக் கேட்டதும் பக்குனு இருக்குல்ல? உங்க இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் அந்த மூணாவது வகைதான்.

தப்பு நடந்தா எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்கு எவ்வளவு நஷ்டம் ஆகுமோ, அந்த அளவுக்குத் தகுதிச் சோதனையும் கடுமையா இருக்கும். முறுக்கு விக்கிறவங்களுக்கு ஒரு க்யூஆர் அட்டை அரை மணி நேரத்துல கிடைச்சுடும். அடுத்தவர் அக்கவுண்ட்ல கை வைக்கிற உரிமைக்கு ஒரு வங்கியே முன்னாடி வந்து "இந்த கம்பெனிக்கு நான் பொறுப்பு"னு நிக்கணும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

முதல் படி: க்யூஆர் அட்டை

உங்க ஜிபே-ல இருக்கிற க்யூஆரும், டீக்கடையில மாட்டியிருக்கிற க்யூஆரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ள இருக்கிற விஷயம் வேற. வியாபாரியாப் பதிவு பண்ணவங்களுக்கு என்ன தொழில்னு சொல்ற நாலு இலக்கக் குறியீடு ஒண்ணு இருக்கும். மளிகைன்னா 5411, ஓட்டல்னா 5812. தனிநபருக்கு அந்த இடத்துல வெறும் 0000.

இதை நீங்க ஏற்கனவே அனுபவிச்சிருப்பீங்க. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-ல இணைச்சு வெச்சிருந்தீங்கன்னா, சில கடையில ஸ்கேன் பண்ணா அந்த கார்டுல இருந்து பணம் போகவே போகாது. கார்டு மேல தப்பு இல்ல. அந்தக் கடைக்காரர் மாட்டி வெச்சிருக்கிறது அவரோட சொந்த க்யூஆர். தனிநபருக்கு கிரெடிட் கார்டு வழியா யுபிஐ அனுப்ப அனுமதி கிடையாது.

வியாபாரி க்யூஆர் வாங்குறது கஷ்டம் இல்ல. ஃபோன்பே, பேடிஎம், பாரத்பே, கூகுள் பே எல்லாத்துக்கும் பிசினஸ் ஆப் தனியா இருக்கு. பான், வங்கிக் கணக்கு, என்ன தொழில், எங்க நடக்குது, கடை போட்டோ. ரொம்ப சின்ன வியாபாரிகளுக்குன்னு யுபிஐ-ல ஒரு தனிப் பிரிவே இருக்கு, அவங்ககிட்ட அதிகமா பேப்பர் கேக்க மாட்டாங்க. கட்டணமும் இல்ல. 2020 ஜனவரி 1-ல இருந்து யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரிகிட்ட கமிஷன் பிடிக்கிறது இல்ல. சவுண்ட் பாக்ஸ் வாடகை வேற கணக்கு, அதுல ஏமாந்துடாதீங்க, எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

அப்ப நம்ம நண்பர் செஞ்ச தப்பு என்ன? வியாபாரப் பணத்தைத் தனிநபர் பணமா வாங்கினது ஒண்ணு. அதையும் சம்பளம் வர்ற அக்கவுண்ட்லயே வாங்கினது இன்னொண்ணு. பொதுவா வங்கிகளோட சேமிப்புக் கணக்கு விதிமுறைகள்லயே "வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது"ன்னு இருக்கும். கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறோம்?

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். வியாபாரியாப் பதிவு பண்ணிட்டா அக்கவுண்ட் முடங்கவே முடங்காதுன்னு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பதிவு பண்ண கடைக்காரங்களுக்கும் இந்தப் பிரச்சினை வருது. ஆனா முடங்கினா முறுக்கு அக்கவுண்ட்தான் முடங்கும், சம்பளமும் இஎம்ஐ-யும் தப்பிக்கும். வங்கி கேட்டா நீட்ட ஒரு பதிவுச் சான்றும் ஒரு பில்லும் கையில இருக்கும்.

கரண்ட் அக்கவுண்ட்டுக்கு என்ன கேப்பாங்க?

மாசம் நாலஞ்சு ஆர்டர்னா சின்ன வியாபாரி க்யூஆரும், ஒரு தனி சேமிப்புக் கணக்கும் வெச்சு ஓட்டலாம். அதைத் தாண்டிப் போனா கரண்ட் அக்கவுண்ட்தான். "கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணணுமா, ஆடிட்டர் பிடிக்கணுமா"ன்னு பயப்படாதீங்க. தனி உரிமையாளர் நிறுவனம், அதாவது புரொப்ரைட்டர்ஷிப்னா, சட்டப்படி நீங்களும் கடையும் ஒண்ணுதான். உங்க பான்தான் கடையோட பான்.

ரிசர்வ் வங்கியோட கேஒய்சி விதி இங்க ரொம்பத் தெளிவு. உரிமையாளரோட சொந்த ஆவணங்கள் போக, கடைப் பேர்ல தொழில் நடக்குதுன்னு காட்ட ரெண்டு ஆதாரம் வேணும். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், மாநகராட்சி கொடுக்கிற உரிமம், கடைப் பேர்ல வர்ற கரண்ட் பில், அந்தத் தொழில் வருமானத்தைக் காட்டின வருமான வரிக் கணக்கு, ஏற்றுமதி இறக்குமதி குறியீடு, இந்த மாதிரி பட்டியல்ல இருந்து ஏதாவது ரெண்டு. ரெண்டு தரவே முடியாதுன்னு வங்கிக்குத் திருப்தி ஆச்சுன்னா, ஒண்ணை மட்டும் வாங்கிக்கிட்டு, நேர்ல வந்து இடத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்னும் அந்த விதியிலேயே இருக்கு. கவுண்டர்ல "ரெண்டு இல்லாம முடியவே முடியாது"ன்னு சொன்னா இதை மெதுவா ஞாபகப்படுத்துங்க. சண்டை வேண்டாம்.

இதுல சுலபமானது உத்யம். 2020 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கு. ஆதாரும் பானும் இருந்தா வீட்ல உட்கார்ந்தே பதிவு பண்ணலாம், முழுக்க இலவசம். கூகுள்ல தேடினா மேல வர்ற விளம்பரங்கள்ல "பதிவுக் கட்டணம்"னு பணம் கேக்கிற சைட்டுகள் நிறைய. அரசு சைட் முகவரி ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பார்த்துக்கோங்க. தின்பண்டம் விக்கிறவங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் கட்டாயம், வீட்டுச் சமையலறையா இருந்தாலும்.

யார் பேர்ல பதிவு பண்றதுன்னு ஒரு கேள்வி வரும். முறுக்கு சுத்துறது அம்மாவா? அப்ப அம்மா பேர்லயே பண்ணுங்க. உங்க அக்கவுண்ட்டுக்கு வந்தா வருமான வரித்துறை அதை உங்க வருமானமாத்தான் பார்க்கும். உங்க சம்பளத்தோட சேர்ந்து, உங்க வரி விகிதத்துல போகும். இன்னொரு பக்கம், உங்க ஆஃபர் லெட்டர்ல "வேற தொழில் செய்யக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். போய்த் தேடிப் பாருங்க, நான் காத்திருக்கேன்.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம், சேவை கொடுக்கிறவங்களுக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவு. ஆனா வெளிமாநிலத்துக்கு, வரி உள்ள பொருளை அனுப்பினா இந்த வரம்பே பொதுவா பொருந்தாது, முதல் ரூபாயில இருந்தே பதிவு தேவை. நண்பர் பெங்களூருக்கு பார்சல் போட்டாரே, அது இந்த வகை. அவருக்கு இது நான் சொல்லித்தான் தெரியும்.

பெங்களூருன்னதும் 2025 ஜூலை ஞாபகம் வருது. கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவை வெச்சு சின்னச் சின்ன கடைக்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. பல கடையில "யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்"னு போர்டு மாட்டிட்டாங்க. அந்த நோட்டீஸ்ல எது நியாயம், எது இல்லைங்கிறது தனி விவாதம். நமக்கு அதுல இருக்கிற விஷயம் ஒண்ணுதான்: மச்சான் திருப்பிக் கொடுத்த கடனும் கஸ்டமர் கொடுத்த பணமும் ஒரே அக்கவுண்ட்ல கலந்து கிடந்தா, எது எதுன்னு பிரிச்சுக் காட்டற வேலை உங்க தலையிலதான் விழும்.

வெப்சைட் வெச்சு விக்கிறீங்களா?

அப்ப பேமெண்ட் கேட்வே வேணும். இங்க சோதனை ஒரு படி கூடுது. உங்களுக்கும் வங்கிக்கும் நடுவுல ஒரு பேமெண்ட் அக்ரிகேட்டர் கம்பெனி உட்காரும். கஸ்டமர் கட்டுற பணம் முதல்ல அவங்களோட எஸ்க்ரோ கணக்குக்குப் போய், அப்புறம்தான் உங்களுக்கு வரும். நடுவுல அடுத்தவங்க பணத்தைக் கையில வெச்சிருக்கிறதால, 2020 மார்ச் 17-ல ரிசர்வ் வங்கி இவங்களுக்குன்னு விதிமுறை கொண்டு வந்தது. விண்ணப்பிக்கும்போது 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு, மூணாவது நிதியாண்டு முடியறப்போ 25 கோடி. அதோட, அவங்க சேர்த்துக்கிற ஒவ்வொரு வியாபாரியோட பின்னணியையும் அவங்களே விசாரிக்கணும்.

அதனாலதான் உங்க சைட்ல ரீஃபண்ட் பாலிசி எங்க, முகவரி எங்க, விக்கிற பொருள் என்னன்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்கிறாங்க. கடுப்பாத்தான் இருக்கும். ஆனா நாளைக்கு நீங்க பார்சல் அனுப்பாம ஓடிட்டா கஸ்டமர் கழுத்தைப் பிடிக்கப் போறது அவங்களைத்தான்.

அனுப்புற பக்கம்: உங்க சம்பளம்

இது சுருக்கமா முடிஞ்சுடும். உங்க கம்பெனி 200 பேருக்கு சம்பளம் போட 200 தடவை ஐஎஃப்எஸ்சி டைப் பண்றது இல்ல. வங்கியோட கார்ப்பரேட் நெட் பேங்கிங்ல ஒரே ஃபைலா ஏத்துவாங்க. அந்த வசதி கிடைக்க, கம்பெனியோட பதிவுச் சான்று, கம்பெனி பான், யார் கையெழுத்துப் போடலாம்னு இயக்குநர் குழுத் தீர்மானம் எல்லாம் கொடுத்திருப்பாங்க. 10 சதவீதத்துக்கு மேல பங்கு வெச்சிருக்கிற ஆள் யாருன்னும் சொல்லியாகணும், ஏன்னா கம்பெனிங்கிற முகமூடிக்குப் பின்னாடி இருக்கிற மனுஷன் யாருன்னு வங்கிக்குத் தெரியணும்.

வழக்கமா ஒருத்தர் ஃபைலை ஏத்தணும், இன்னொருத்தர் சரிபார்த்து ஓகே சொல்லணும். நெஃப்ட் 2019 டிசம்பர் 16-ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது, அரை மணிக்கு ஒரு தொகுதி போய்க்கிட்டே இருக்கு. அப்படியும் 1-ஆம் தேதி சம்பளம் வரலைன்னா சர்வர் மேல பழி போடறதுக்கு முன்னாடி, ஓகே சொல்ல வேண்டியவர் லீவான்னு விசாரிங்க.

அடுத்தவர் அக்கவுண்ட்ல கை வைக்கிற உரிமை

இப்ப உங்க போனை எடுத்து, வங்கி ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து, 5-ஆம் தேதி பக்கம் போங்க. "ஏசிஎச் டி"ன்னோ "நாச்"னோ ஒரு வரி இருக்கா? அன்னைக்கு நீங்க ஓடிபி போடல, பின் போடல, தூங்கிட்டு கூட இருந்திருக்கலாம். பணம் போயிருக்கும்.

இதுதான் நாச் டெபிட். விரிச்சுச் சொன்னா நேஷனல் ஆட்டோமேட்டட் கிளியரிங் ஹவுஸ். முன்னாடி இருந்த ஈசிஎஸ்-க்குப் பதிலா என்பிசிஐ கொண்டு வந்தது. 2021 ஆகஸ்ட் 1-ல இருந்து ஞாயிறு, பண்டிகை எல்லா நாளும் ஓடுது. "ஞாயித்துக்கிழமை இஎம்ஐ போகாது, திங்கள் காலையில காசு போட்டுக்கலாம்"னு இன்னும் நினைச்சுட்டு இருக்கிறவங்க தயவுசெஞ்சு மாத்திக்கோங்க.

இந்த உரிமையை ஒரு கம்பெனி நேரா என்பிசிஐ-கிட்ட போய் வாங்க முடியாது. அதுக்கு ஒரு ஸ்பான்சர் வங்கி வேணும். அந்த வங்கி கம்பெனியோட கணக்குவழக்கு, தொழில், பழைய வரலாறு எல்லாம் பார்த்து, "இவங்க அனுப்புற ஒவ்வொரு டெபிட்டுக்கும் நான் பொறுப்பு"ன்னு முன்னாடி நிக்கும். அப்புறம்தான் அந்த கம்பெனிக்குன்னு ஒரு யூட்டிலிட்டி கோட் கிடைக்கும். அதுக்கு மேல, ஒவ்வொரு வாடிக்கையாளர்கிட்டயும் தனித்தனியா ஒப்புதல் வாங்கணும். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார், இல்ல பேப்பர்ல கையெழுத்து, இப்படி ஏதாவது ஒரு வழியில நீங்க கொடுத்த அந்த ஒப்புதல்தான் மேண்டேட். உங்க வங்கி அதை ஏத்துக்கிட்டா அதுக்கு யுஎம்ஆர்என்னு ஒரு தனி எண் விழும்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? யுபிஐ-ல பணம் அனுப்பும்போது கடைசியா பின் போடறது நீங்க. நாச்ல கடைசி பட்டனை அமுக்கறது கம்பெனி. அவங்க தப்பா அமுக்கினா, காலையில நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள பணம் போயிருக்கும். அப்ப யாரைப் பிடிக்கிறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வெச்சிருக்கணும்.

பெரிய பேர் இருந்தாலும் வங்கி இல்லாம நிக்க முடியாதுன்னு நாடே பார்த்த நாள் ஒண்ணு இருக்கு. 2020 மார்ச் 5-ஆம் தேதி யெஸ் பேங்க் மேல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிச்சது. அந்த ராத்திரி ஃபோன்பே நின்னு போச்சு. கோடிக்கணக்கான பேர் பயன்படுத்துற ஆப், ஆனா யுபிஐ-க்குள்ள அது நுழைஞ்சிருந்தது யெஸ் பேங்க் கையைப் பிடிச்சுத்தான். அடுத்த நாள் வேற வங்கியோட சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தாங்க. 2024-ல பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மேல ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தப்பவும் அதே கதை. மார்ச் 14-ஆம் தேதி பேடிஎம் ஆப், ஆக்சிஸ், எச்டிஎஃப்சி, ஸ்டேட் பேங்க், யெஸ் பேங்க்னு நாலு வங்கியோட தோள்ல ஏறி யுபிஐ-ல தொடர என்பிசிஐ அனுமதி கொடுத்தது.

உங்க ஸ்டேட்மெண்ட்டுக்குத் திரும்புவோம். எஸ்ஐபி-க்குப் பணம் போன இடத்துல ஃபண்ட் பேர் இல்லாம "இந்தியன் கிளியரிங் கார்ப்"னு இருந்தா பதற வேண்டாம். அது பிஎஸ்இ-யோட கிளியரிங் நிறுவனம், அந்தத் தளம் வழியா எஸ்ஐபி போட்டா அவங்க பேர்லதான் வரும். ஜிம் மாதிரி சின்ன நிறுவனங்களுக்கு நேரா ஸ்பான்சர் வங்கி கிடைக்கிறது கஷ்டம். அவங்க ஒரு பேமெண்ட் கம்பெனி வழியா எடுப்பாங்க, அதனால அங்கயும் தெரியாத பேர் வரலாம். யாருன்னே புரியலைன்னா யுஎம்ஆர்என் எண்ணை வெச்சு உங்க வங்கியில கேளுங்க.

மேண்டேட்ல இருக்கிற தொகை உச்ச வரம்பு. இஎம்ஐ 4,200-ஆ இருந்தாலும் வரம்பு 10,000-னு இருக்கலாம். கையெழுத்துப் போடும்போது அந்த எண்ணையும் முடிவுத் தேதியையும் பாருங்க. லோன் முடிஞ்சதும் என்ஓசி வாங்குற கையோட மேண்டேட்டையும் ரத்து பண்ணுங்க, பல வங்கிகள்ல நெட் பேங்கிங்லயே செய்யலாம். வங்கியில ரத்து பண்ண பிறகும் பணம் போனா பொறுப்பு உங்க வங்கியோடது. ரிசர்வ் வங்கியோட 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, டெபிட் ஆன நாளுக்கு அடுத்த நாளுக்குள்ள சரி பண்ணணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

இதோட மறுபக்கமும் இருக்கு, நம்ம வயசு ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. பணம் இல்லாம நாச் பவுன்ஸ் ஆனா அது வெறும் அபராதத்தோட முடியற விஷயம்னு நினைக்காதீங்க. பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 2007, பிரிவு 25. செக் பவுன்ஸ் மாதிரியே இதுவும் குற்றம். ரெண்டு வருஷம் வரை சிறை, இல்ல தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்ல ரெண்டும். ஒரு மாசம் தவறினதும் போலீஸ் வந்துடாது. நோட்டீஸ், அவகாசம்னு படிகள் இருக்கு. ஆனா வசூல் ஆள் போன்ல இந்தப் பிரிவைச் சொல்லி மிரட்டும்போது, அது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

யுபிஐ-லயும் இந்த "கேட்டு எடுக்கிற" வேலை இருந்தது. யார் வேணா உங்களுக்கு கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பலாம், நீங்க அவசரத்துல பின் போட்டா பணம் போயிடும். "பரிசுப் பணம் வருது, பின் போடுங்க"ன்னு ஏமாத்தினதெல்லாம் இந்த வழியிலதான். 2025 அக்டோபர் 1-ல இருந்து தனிநபருக்குத் தனிநபர் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை என்பிசிஐ நிறுத்திடுச்சு. வியாபாரிகளுக்கு மட்டும் அப்ப விட்டு வெச்சாங்க. ஏன்னு உங்களுக்கே இப்ப புரியும்: வியாபாரிக்குப் பின்னாடி பொறுப்பேத்துக்க ஒரு வங்கி இருக்கு.

தகுதி இல்லாதவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தொழில் எதுவும் பண்ணப் போறதில்ல, நான் வெறும் சம்பளக்காரன்னு சொல்றவங்களுக்குத்தான் இந்தப் பகுதி. ஒரு கம்பெனி பணம் கேக்கிற விதமே அது யாருன்னு காட்டிக் கொடுத்துடும்.

லோன் ஆப்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி "இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, லோனை குளோஸ் பண்ணிடறேன்"னு சொல்றாரா? ரிசர்வ் வங்கியோட டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் தொகை கடன் கொடுக்கிற வங்கி அல்லது நிதி நிறுவனத்துல இருந்து நேரா உங்க அக்கவுண்ட்டுக்கு வரணும், திருப்பிக் கட்டறதும் நேரா அவங்க அக்கவுண்ட்டுக்குப் போகணும். நடுவுல ஆப்காரனோட அக்கவுண்ட்டுக்கே இடம் இல்ல. வசூல் பண்றவரோட சொந்த நம்பரைப் பத்தி சொல்லவே வேண்டாம்.

பங்குச் சந்தை வாட்ஸ்அப் குரூப்ல "அக்கவுண்ட்ல 20,000 போடுங்க சார்"னு க்யூஆர் அனுப்பறாங்களா? செபி 2025 அக்டோபர் 1-ல இருந்து பதிவு பெற்ற புரோக்கர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் தனி யுபிஐ முகவரி கொண்டு வந்திருக்கு. அட் குறிக்கு அப்புறம் "வேலிட்"னு தொடங்கி வங்கிப் பேர் வரும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள்ள கட்டைவிரல் குறியும் தெரியும். சந்தேகம் இருந்தா செபி செக்னு ஒரு வசதி இருக்கு, அதுல முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புரோக்கிங் கம்பெனி பேர்ல பேசிட்டு, ஸ்கேன் பண்ணா ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு தனிநபர் பேர் வந்தா, அங்கயே நிறுத்திடுங்க. பின் போடறதுக்கு முன்னாடி திரையில வர்ற பேரை ரெண்டு செகண்ட் படிக்கிறதுக்கு எந்தக் கட்டணமும் இல்ல.

நண்பர் என்ன பண்ணார்?

அம்மா பேர்ல உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ரெண்டும் எடுத்தாச்சு. வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஒரு வங்கியில, கடைப் பேர்ல கரண்ட் அக்கவுண்ட். ஒரு ஆதாரம்தான் ஏத்துக்கிட்டாங்களாம், மேனேஜரே நேர்ல வந்து அடுப்பையும் பாத்திரத்தையும் பார்த்துட்டு, ரெண்டு அதிரசம் சாப்பிட்டுட்டுப் போயிருக்கார். வெளிமாநில ஆர்டரை ஜிஎஸ்டி எடுக்கிற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு ஆர்டருக்கும் எண் போட்ட பில் ஒண்ணு, பத்து ரூபாய் பில் புக்குலதான்.

போன வாரம் மறுபடி மெயில் போட்டிருந்தார். அபார்ட்மெண்ட்ல 40 வீட்டுக்கு மாசாமாசம் பொடி, ஊறுகாய் சப்ளை, பணத்தை அவங்க அக்கவுண்ட்ல இருந்து தானா எடுக்கிற மாதிரி நாச் வேணும்னு அதே மேனேஜர்கிட்ட கேட்டிருக்கார். "முதல்ல ஒரு வருஷ ஸ்டேட்மெண்ட் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசுவோம்"னு சிரிச்சிருக்கார் அவர். அதுவரைக்கும் ஒரு பேமெண்ட் அக்ரிகேட்டர் வழியா யுபிஐ ஆட்டோபே போட்டுக்கலாமான்னு நண்பர் விசாரிச்சிட்டு இருக்கார். அதுல 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் பின் கேக்காது, பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வாடிக்கையாளருக்குத் தகவல் போயிடும். 350 ரூபாய் பொடிக்கு அது தாராளம்னுதான் நானும் பதில் போட்டிருக்கேன்.